கை மாறிய பள்ளிக்கூடங்கள்

தூத்துக்குடி முதல் கீழக்கரை வரை நீளும் நம் கடற்கரை ஊர்களில், கோடை விடுமுறை முடியும் தறுவாயில் ஒரு செய்தி வீட்டுக்கு வீடு பேசப்படுவதுண்டு. அரசுப் பள்ளிக்கூடத்திற்குப் புதிய தலைமையாசிரியர் வருகிறாராம் என்பதே அச்செய்தி. பழையவரே இருக்கட்டும் என்று மனு எழுதுவோர் உண்டு. வருபவர் எந்த ஊர், எப்படிப்பட்டவர் என்று விசாரிப்போர் உண்டு. பிள்ளையை அங்கிருந்து எடுத்துத் தனியார் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவோரும் உண்டு. இவர்களுள் எவரையும் குறை கூறுவதற்கில்லை. பெற்ற பிள்ளையை நாள்தோறும் பிறர் கையில் ஒப்படைக்கும் தாய் தந்தையர், அந்தக் கை யாருடையது என்று அறிய விரும்புவது இயல்பேயாகும்.

ஆயினும், பள்ளிக்கூடத்தின் தலைமை மாறும்பொழுது பெற்றோர் செய்யத்தக்கது யாது, செய்தவற்றுள் நிலைத்துப் பயன் தந்தது யாது என்னும் வினாவிற்கு, ஊகத்தைவிட வரலாறு நல்ல விடை தரும். அவ்வரலாற்றைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாவின் அக்கரையில், 1960ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிக்கூடங்களின் நிர்வாகம் ஒரே நாளில் கை மாறியது. அன்று பெற்றோர் நடந்துகொண்ட விதமும், அதன் விளைவும் நாம் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய பாடங்கள்.

வினா பழையது

அதற்கு முன் ஒன்று கூற வேண்டும். இவ்வினா நம் காலத்தில் தோன்றியதன்று. ஹிஜ்ரி 459, அதாவது கி.பி. 1067இல், அமைச்சர் நிஜாமுல் முல்க் கட்டுவித்த நிஜாமிய்யா மதரஸா பாக்தாதில் திறக்கப்பட்டது. அதன் தலைமைப் பேராசிரியராக நியமிக்கப்பெற்றவர் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் அபூ இஸ்ஹாக் ஷீராஸி (ரஹ்) அவர்கள். அவர்கள் இயற்றிய 'தன்பீஹ்', 'முஹத்தப்' ஆகிய நூல்களின் பெயரை நம் கடற்கரை மதரஸாக்களில் ஓதியோர் நன்கறிவர். திறப்பு நாளன்று ஊரே திரண்டு காத்திருந்தது, இமாமவர்கள் வரவில்லை. அக்கட்டடத்திற்குரிய இடமும் பொருள்களும் பிறரிடமிருந்து பறிக்கப்பட்டவை என்று வழியில் ஒருவர் கூறக் கேட்டுத் திரும்பிவிட்டார்கள். வேறு வழியின்றி இப்னுஸ் ஸப்பாக் (ரஹ்) அவர்களைத் தலைமையில் அமர்த்தினர். இருபது நாள்களே அவர்கள் பாடம் நடத்தினார்கள். ஷீராஸியின் மாணவர்களோ, தங்கள் ஆசிரியர் நிஜாமிய்யாவை ஏற்காவிடில் தாங்கள் அவரை விட்டு இப்னுஸ் ஸப்பாகிடம் சென்றுவிடுவதாகக் கூறினர். இறுதியில் ஷீராஸி (ரஹ்) அவர்கள் பொறுப்பேற்றார்கள். ஆனால், தொழுகை நேரம் வந்தால் மதரஸாவை விட்டு வெளியே சென்று வேறிடத்தில் தொழுது வந்தார்கள் என்பர்.

இந்நிகழ்ச்சியில் எல்லாம் அடங்கிவிட்டன. பள்ளிக்கூடத்தின் பொருள் யாருடையது, தலைமை யாருக்குரியது, கற்போர் தம் விருப்பத்தை எங்ஙனம் தெரிவிப்பது ஆகிய மூன்று வினாக்களும் ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் இலங்கையில் மீண்டும் எழுந்தன.

அக்கரையும் இக்கரையும்

இலங்கை நமக்கு அயல்நாடாயினும் அயலார் நாடன்று. ஒரே கடலின் இரு மருங்கிலும் முத்துச் சலாபம் நடந்தது. அரிப்புக் கரையில் மூழ்கியவர்களும் தூத்துக்குடிக் கரையில் மூழ்கியவர்களும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தார். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டுத் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி அமையும்வரை, கொழும்புக்குச் செல்வோர்க்குத் தூத்துக்குடிக் கப்பலே முதன்மையான வழியாயிருந்தது. காயல்பட்டினத்து வணிகர் பலர் கொழும்பில் மாணிக்கக் கடை வைத்திருந்தனர். காயலில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816-1898) இலங்கைக்குப் பலமுறை சென்று மார்க்கக் கல்விக்கு ஊக்கமளித்தார்கள். ஆகவே, அக்கரைப் பிள்ளைகளின் கல்வி இக்கரைக்காரர்க்கும் குடும்பச் செய்தியாகவே இருந்தது.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைப் பள்ளிக்கூடங்களுள் பெரும் பகுதி 'உதவி பெறும்' வகையைச் சார்ந்தவை. நடத்துவது ஒரு சமயச் சபை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துப் பணம். தலைமையாசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் சபை அமர்த்திய முகாமையாளரின் கையில் இருந்தன. கத்தோலிக்கச் சபையும் புரட்டஸ்தாந்து மிஷன்களும் இவற்றுள் மிகுதியானவற்றை நடத்தின. 1880க்குப் பின் பௌத்த ஞானசபையும், யாழ்ப்பாணத்தில் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் தம் பிள்ளைகளுக்கெனப் பள்ளிக்கூடங்களை நிறுவின.

முஸ்லிம் பெற்றோர் நிலை வேறாயிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினால் பிள்ளை மார்க்கத்தை மறந்துவிடுவான் என்று அஞ்சினர். அனுப்பாவிடில் உலகியலில் பின்தங்கிவிடுவான் என்பதையும் கண்டனர். இரண்டு அச்சங்களுக்கும் இடையே பலர் பிள்ளையைக் கடையிலேயே இருத்திக்கொண்டனர். இந்நிலையை மாற்ற முற்பட்டவர் கண்டி வழக்கறிஞர் சித்தி லெப்பை அவர்கள். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி, ஆங்கிலக் கல்வியும் மார்க்கக் கல்வியும் ஓரிடத்திலேயே கிடைக்க வேண்டும் என்று இடைவிடாது எழுதினார்கள். எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கை வந்த உராபி பாஷாவின் ஆதரவும், வாப்பிச்சி மரைக்காயரின் பொருளுதவியும் சேர்ந்தன. 1892 ஆகஸ்டு 22ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி மதரஸத்துஸ் ஸாஹிரா எழுந்தது. அதுவே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரி ஆயிற்று.

ஸாஹிராவை வளர்த்தவர் இருவர். ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த டி.பி. ஜாயா அவர்கள் 1921இல் அதிபராக வந்து 1947வரை நடத்தினார்கள். அவர்கள் அமைச்சராகச் சென்றதும், இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், அப்பெரும் பதவியைத் துறந்து 1948இல் அதிபரானார்கள். 1942இல் கல்முனையில் அதிகாரியாயிருந்தபொழுது அவ்வட்டார முஸ்லிம்களின் வறுமையை நேரில் கண்டு கல்விச் சங்கம் அமைத்தவர்கள் அவர்கள். 1945இல் ஏழை மாணவர்க்கென முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தோற்றுவித்தவர்களும் அவர்களே. பேராசிரியர் கா. சிவத்தம்பி போன்ற பிற சமயத்து மாணவரும் அவர்கள் காலத்தில் அங்குப் பயின்று பெரும்பெயர் பெற்றனர். ஏறத்தாழ நாற்பதாண்டுகள், இரண்டே தலைவர்கள்! பெற்றோர் நம்பிக்கை இவ்விருவரைக் கொண்டு வளர்ந்தது. ஒரு மனிதரின் பெயரைக் கேட்டே பிள்ளையைச் சேர்க்கும் நிலை ஒரு பள்ளிக்கூடத்திற்குப் பெரும் பேறு. ஆயினும் அம்மனிதர் அகன்றபின் என்னாகும் என்னும் கவலையும் அதனுள்ளேயே இருக்கிறது.

1960: சட்டமும் முற்றுகையும்

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. சம்பளம் முழுவதையும் அரசாங்கம் தரும்போது நிர்வாகம் மட்டும் சபைகளிடம் இருப்பது ஏன் என்னும் கேள்வி வலுத்தது. 1956இல் பௌத்தர்களின் விசாரணைக் குழு ஒன்று, உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் அனைத்தையும் அரசு ஏற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானார். அவருடைய கல்வியமைச்சர் அலிகாரில் பயின்றவர். கம்பளை ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். பதியுதீன் மஹ்மூத் என்பது அவர் பெயர்.

அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் அனைத்திற்கும் கல்விப் பணிப்பாளரையே முகாமையாளராக்கியது. உயர்தரத்துப் பெரிய பள்ளிக்கூடங்கள் மட்டும், விரும்பினால் விலகி நிற்கலாம். ஆனால், அரசு உதவியும் கிடையாது, மாணவரிடம் கட்டணமும் வாங்கலாகாது. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் அடுத்து வந்து, ஏற்கப்பட்ட பள்ளிக்கூடங்களின் நிலத்தையும் கட்டடத்தையும் அரசுக்கு உரியதாக்க வழி செய்தது.

கத்தோலிக்கப் பெற்றோர் கொதித்தெழுந்தனர். தங்கள் பாட்டன்மார் ஓலையும் கல்லும் சுமந்து கட்டிய பள்ளிக்கூடத்தை அரசு அதிகாரி வந்து பூட்டித் திறப்பதா என்று கேட்டனர். நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்களுள் புகுந்து தங்கிவிட்டனர். பகலில் தாய்மார் வாயிலில் அமர்ந்தனர்; இரவில் தந்தையர் வகுப்பறைகளில் படுத்துறங்கினர். மேற்குக் கரையின் மீனவர் ஊர்களில், கடலுக்குச் செல்லாத நேரமெல்லாம் பள்ளிக்கூடக் காவலாயிற்று. அரசும் விட்டுக்கொடுக்கவில்லை, பெற்றோரும் வெளியேறவில்லை. இரத்தம் சிந்தும் நிலை நெருங்கிய வேளையில், 1961 ஜனவரியில் பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிரேஷியஸ் கொழும்புக்கு வந்து இரு தரப்பாரிடமும் பேசினார். முற்றுகை கைவிடப்பட்டது. பெற்றோர் பாயைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினர்.

ஒரு முஸ்லிம் அமைச்சரின் கையெழுத்தால் கிறிஸ்தவப் பள்ளிக்கூடங்கள் அரசுக்குப் போயின என்று காண்போர் கண்ணுக்கு இது சமயப் பகையாகத் தோன்ற இடமிருந்தது. உண்மை அதுவன்று. அமைச்சர் நிறைவேற்றியது தம் கட்சியின் கொள்கையை. அச்சட்டம் பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியையும் சைவர்களின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியையும் சேர்த்தே அரசிடம் கொண்டுபோயிற்று. அச்சபைகள் பெரிய எதிர்ப்பின்றி ஒப்படைத்தன என்பதே வேறுபாடு.

எவர் பெற்றனர், எவர் இழந்தனர்?

ஈண்டுதான் நாம் நின்று நோக்க வேண்டும். முற்றுகையிட்டோர் என்ன பெற்றனர்? கொழும்பின் புனித சூசையப்பர் கல்லூரி, யாழ்ப்பாணத்தின் புனித பத்திரிசியார் கல்லூரி முதலிய பெரிய பள்ளிக்கூடங்கள் சட்டம் அளித்த வழியைப் பயன்படுத்தித் தனித்து நின்றன. நன்கொடையாலும் குருமார் உழைப்பாலும் அவை பல்லாண்டுகள் சமாளித்தன. ஆனால், வகுப்பறைத் தரையில் படுத்துறங்கிய மீனவத் தந்தையரின் சிற்றூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு அவ்வழி திறந்திருக்கவில்லை. அவை அரசிடம் சென்றன. எவர் உடலை வருத்திக் காவலிருந்தாரோ அவருக்குப் பள்ளிக்கூடம் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றில் பெரும்பாலும் நகரத்தார் பிள்ளைகளே படித்தனர். கிளர்ச்சிகளின் வரலாற்றில் இஃது அடிக்கடி காணும் காட்சியாகும்.

மறுபுறம், அவர்கள் அஞ்சியதெல்லாம் நடந்ததா எனின், அதுவும் இல்லை. ஆசிரியர் பெரும்பாலும் அவர்களே நீடித்தனர். பிள்ளைகள் அதே பலகையில் அமர்ந்து படித்தனர். மாறியது முகாமையாளரின் இருக்கை. ஆயினும் ஓர் இழப்பு மெய்யானது. முன்பு குறை சொல்ல வேண்டுமாயின் பங்குத் தந்தையின் வாசலுக்கு நடந்து போனால் போதும். பின்பு கல்விக் கந்தோருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. கேட்கும் செவி தொலைவுக்குப் போயிற்று.

முஸ்லிம்களின் அனுபவம் வேறு பாடம் தருகிறது. அவர்களிடம் சொந்தப் பள்ளிக்கூடங்கள் மிகச் சிலவே; பெரும்பாலான பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். ஆகவே அவர்களின் தலைவர்கள் நிர்வாகத்தைக் கேட்கவில்லை. நிர்வாகத்திற்குள் தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டியதைக் கேட்டனர். அரசாங்க முஸ்லிம் பாடசாலை என்று ஒரு வகை, அதில் அரபும் மார்க்கமும் கற்பிக்கச் சம்பளம் பெறும் மௌலவி ஆசிரியர், ரமளானில் விடுமுறை வரும்படி அமைந்த தனித் தவணை ஆகியவை கிடைத்தன. இன்றும் அக்கரையில் ரமளான் பிறந்தால் முஸ்லிம் பாடசாலைகள் மூடியிருக்கும். இவை ஒரு நாள் கிளர்ச்சியில் கிடைத்தவையல்ல. கல்வித் துறையோடு பல்லாண்டுகள் சலியாது பேசியதன் பயன். எத்தனையோ அமைச்சர்களும் அதிபர்களும் மாறிவிட்டனர். விதியாக எழுதப்பட்ட உரிமை மாறவில்லை.

அரசின் கையில் இருந்தால் நீதி தானே வந்துவிடும் என்றும் இதற்குப் பொருளன்று. அதே பதியுதீன் மஹ்மூத் 1970இல் மீண்டும் கல்வியமைச்சரானபோது வந்த 'தரப்படுத்தல்' முறை, 1971 முதல் தமிழ் வழி பயின்ற மாணவர் மருத்துவம், பொறியியல் படிப்புகளில் சேரக் கூடுதல் மதிப்பெண் பெற வேண்டும் என்றாக்கியது. தமிழ் இளைஞர் உள்ளத்தில் அது ஏற்படுத்திய காயம் பின்னாளைய பேரழிவிற்குக் காரணங்களுள் ஒன்று என்பதை மறைத்து எழுதுதல் முறையன்று. பள்ளிக்கூடம் எவர் கையில் இருப்பினும், பெற்றோரின் கண் அதன்மேல் இருந்தாக வேண்டும் என்பதையே இது காட்டுகிறது.

இந்தியாவில் நடந்தவை

இலங்கைக்குச் சற்று முன்னரே கேரளத்தில் இத்தகைய புயல் அடித்தது. 1957இல் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா, தனியார் பள்ளிக்கூடங்களின் ஆசிரியர் நியமனத்தில் அரசுக்கு அதிகாரம் தந்தது. 1958இல் உச்சநீதிமன்றம் அதன் சில பகுதிகள் சிறுபான்மையினர் உரிமைக்கு மாறானவை என்று கருத்துரைத்தது. 1959இல் நடந்த 'விமோசன சமர'த்தில் கிறிஸ்தவச் சபைகளோடு நாயர் சங்கமும் முஸ்லிம் லீகும் சேர்ந்தன. ஜூலை 31ஆம் நாள் ஆட்சியே கலைக்கப்பட்டது. சில மாதங்கள் பிள்ளைகள் படிப்பை இழந்து தெருவில் நின்றதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே.

நம் மாநிலத்தில் முஸ்லிம்கள் சந்தித்த மாற்றம் ஓசையின்றி வந்தது. சென்னையில் அரசு நடத்திவந்த முகமதியக் கல்லூரி, 1948இல் எல்லோருக்கும் உரிய அரசுக் கலைக் கல்லூரியாக்கப்பட்டது. நம் பெரியோர் தெருவில் இறங்கவில்லை. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தார் 1951இல் புதுக் கல்லூரியைத் திறந்தனர். அதே ஆண்டில் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி எழுந்தது. காயல்பட்டினம் தந்த மகான் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் பெயரால் 1971இல் பாளையங்கோட்டையில் கல்லூரி அமைந்தது. இவற்றின் கதவுகள் எல்லாச் சமயத்தார்க்கும் திறந்தே இருக்கின்றன.

ஆனால், கல்லூரி கட்டிய கைகள் அரசுத் தொடக்கப் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தனவா என்று கேட்டால், பெருமிதத்தோடு விடை சொல்ல இயலாது. வசதியுடையோர் சொந்தப் பள்ளிக்கூடம் தேடினர். வலை இழுப்போர் பிள்ளையும், உப்பளத்தில் கூலி வேலை செய்வோர் பிள்ளையும் அரசுப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தனர். அதற்காகப் பேச எவருமில்லை. இத்தனைக்கும் அரசுப் பள்ளிக்கூடத்தை ஊரார் தோள் கொடுத்துத் தாங்கிய முன்மாதிரி நம் மாவட்டத்திலேயே உண்டு. 1956இல் எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தபொழுது, அது ஊரார் கொடையைக் கொண்டே தொடங்கிற்று. 1958 முதல் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில், மக்கள் நிலமும் கட்டடமும் பலகையும் சீருடையும் அளித்தனர். தலைமையாசிரியர் எவர் என்று பார்த்து அவர்கள் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடம் தங்களுடையது என்று கருதிக் கொடுத்தனர்.

இன்று நம் கையில் உள்ளது

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசுப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிற்கும் மேலாண்மைக் குழு வேண்டும் என்பதும், அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் 21ஆம் பிரிவு. தமிழக அரசு 2022இல் இக்குழுக்களைப் புதுப்பித்தபொழுது, இருபது உறுப்பினருள் பதினைந்து பேர் பெற்றோர் என்றும், தலைமை வகிப்பவரும் பெற்றோருள் ஒருவரே என்றும் வகுத்தது. தலைமையாசிரியரை நியமிக்கவோ மாற்றவோ இக்குழுவிற்கு அதிகாரம் இல்லை; அது கல்வித் துறையின் வேலை. ஆனால், பள்ளிக்கூடத்தின் வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும், வந்த பணம் செலவான விதத்தைக் கண்காணிப்பதும் குழுவின் கடமை. 1960இல் பாயோடும் தலையணையோடும் உள்ளே புகுந்த அக்கரைத் தாய்மார்க்கு இல்லாத இருக்கை ஒன்று, இன்று நம் தாய்மார்க்குச் சட்டப்படி போடப்பட்டிருக்கிறது.

அதில் அமர்கிறோமா? கூட்டம் என்று சொல்லி அனுப்பினால் எத்தனை பேர் போகிறோம்? கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, கணக்கு ஆசிரியர் இடம் எத்தனை மாதமாகக் காலியாய் இருக்கிறது, எட்டாம் வகுப்போடு நின்றுபோன பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிவைத்திருக்கிறோமா? இவை எழுத்தில் இருந்தால், புதிய தலைமையாசிரியர் வந்த அன்றே அதை அவர் மேசைமீது வைக்கலாம். பழையவர் போனதோடு பள்ளிக்கூடத்தின் நினைவும் போய்விடாது.

குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். அதற்கும் நம் வரலாற்றில் ஒழுங்கு உண்டு. கூஃபா நகரத்தார் தங்கள் ஆளுநர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள்மீது கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் புகார் செய்தனர். உமர் (ரலி) அவர்கள் ஆளுநரை மாற்றி அம்மார் (ரலி) அவர்களை நியமித்தார்கள். அத்துடன் நில்லாமல், ஆளனுப்பிப் பள்ளிவாசல் பள்ளிவாசலாக மக்களைக் கேட்கச் செய்தார்கள். ஓரிடம் தவிர எங்கும் ஸஅத் (ரலி) அவர்களைப் பற்றி நல்ல சொல்லே வந்தது. பின்னர்த் தம் இறுதி நாள்களில், அடுத்த கலீஃபாவைத் தேரும் அறுவருள் ஸஅத் (ரலி) அவர்களையும் ஒருவராக்கி, இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ அவரை நான் நீக்கவில்லை என்றும் உமர் (ரலி) அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். புகார் செவிமடுக்கப்பட்டது, விசாரணை ஊரறிய நடந்தது, மாற்றப்பட்டவரின் மானமும் காக்கப்பட்டது. தேநீர்க் கடையில் ஓர் ஆசிரியரின் பெயரைக் கெடுத்துவிட்டு, அவர் மாற்றலாகிப் போகும்வரை முகத்துக்கு நேரே எதையும் கேளாதிருப்பது இம்முறைக்கு நேர் எதிரானது.

1961ஆம் ஆண்டோடு தூத்துக்குடிக் கடலில் முத்துச் சலாபம் நின்றுபோயிற்று. பார் காக்கப்பட்டால்தான் சிப்பி விளையும் என்பதை அந்நாளைய மரக்காயரும் பரதவரும் அறிந்திருந்தனர்; சலாபம் நடக்கும் சில வாரங்கள் மட்டும் கடலை நினைப்பதால் பயனில்லை என்பர். பள்ளிக்கூடமும் அத்தகையதே. தலைமை மாறும் சில நாள்கள் மட்டும் அதை நினைக்கும் பெற்றோர்க்கு வருத்தமே எஞ்சும். ஆண்டு முழுதும் அதன் வாசலை மிதிக்கும் பெற்றோர் இருக்கும் ஊரில், வருகிற தலைமையாசிரியர் எவராயினும் ஊரைக் கலந்தே நடப்பார். இவ்வாண்டு நம் ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தில் மேலாண்மைக் குழு கூடும் நாள் எதுவென்று கேட்டறிந்து, அன்று கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டேனும் செல்வோமாக.